ஒரே விலாசத்து வாசகர்கள்

அந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அவள் வகித்த பதவியின் பெயர் அடையாள அட்டையில் இரண்டு வரி பிடிக்கும். அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மீட்டர். டாக்டர்கள் எழுதி வெளியிடும் கட்டுரைகளை இணையத்தில் யார் படிக்கிறார்கள், எத்தனை பேர் இறக்கி வைத்துக்கொள்கிறார்கள், எந்தச் செய்தித்தாள் அதைப் பற்றி எழுதியது, யார் பகிர்ந்தார்கள், யார் திட்டினார்கள் என்றெல்லாம் திரட்டி, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கவன மதிப்பெண் போட்டு, மாதம் பிறந்ததும் இயக்குநரின் மேசையில் வைப்பது அவள் வேலை. நகலெடுக்கும் அறையை ஒட்டிய மூலையில் அவளுக்கு ஒரு மேசை, இரண்டு திரைகள், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் குளிர்சாதன எந்திரத்தின் முதுகு தெரியும்.

"என்ன மீட்டர், நமக்கு எவ்ளோ ஓடியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அறுவை சிகிச்சை அறையில் கை நடுங்காதவர்கள்கூட அவள் திரையைப் பார்க்கும்போது கொஞ்சம் நடுங்குவார்கள். காப்பியையும் தூக்கத்தையும் பற்றி எழுதிய இதய டாக்டருக்கு மதிப்பெண் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதில் பாதிப் பேர் கட்டுரையைத் திறக்காமலே சண்டை போட்டவர்கள் என்பது மீட்டருக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

எட்டிப் பார்க்காதவர் ஒருவர்தான். நுரையீரல் பிரிவின் டாக்டரம்மா. ரொட்டி சுடும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மாவுத் தூசியால் வருகிற ஆஸ்துமாவைப் பற்றி அவர் நாலு வருடம் உழைத்து எழுதியிருந்தார். தூசியை உறிஞ்சி அளக்கும் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சின்னச் சின்ன பேக்கரிகளாக ஏறி இறங்கியவர். பல இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். உள்ளே விட்ட சில இடங்களில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டுரை. வெளிவந்து முதல் மாதம் அதன் மதிப்பெண் மூன்று.

"மூணா? பரவாயில்லையே" என்றார் டாக்டரம்மா, மதிப்பெண்ணைச் சொல்லப் போன மீட்டரிடம். "அதுல ஒண்ணு என் பொண்ணு, ஒண்ணு என் மருமகன். மாமியார் மனசு நோகக் கூடாதுன்னு ஷேர் பண்ணியிருக்கான். இன்னொண்ணு யாரு?"

"மருமகனோட தம்பி, டாக்டர்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். மீட்டருக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போனது. அந்தப் பிடித்தத்தில்தான் அவள் அவரை விடாமல் நச்சரிக்கத் தொடங்கினாள். நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, பொதுமக்கள் படிக்க நம் மொழியில் ஒரு சுருக்கம் எழுத இடம் இருந்தது. பெரும்பாலான டாக்டர்கள் அதைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.

"ரெண்டு பக்கம் எழுதுங்க டாக்டர், போதும்."

"யாரும்மா படிக்கப் போறாங்க?"

"யாரு படிச்சாங்கன்னு நான் சொல்றேன். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா எழுதி அனுப்பினார். மூட்டையைப் பிரிக்கும்போது, மாவைத் தொட்டியில் கொட்டும்போது, தரையைத் துடைப்பத்தால் பெருக்கும்போது தூசி எப்படிக் கிளம்புகிறது என்று கையாலேயே ஒரு படமும் போட்டிருந்தார். மீட்டர் அதை வலையேற்றினாள். பிறகு மறந்தும்போனாள்.

சில மாதங்கள் கழித்து, டாக்டரம்மா இரண்டாம் கட்ட ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டார். வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் மூச்சுத் திணறல் குறைகிறதா என்று ஒரு தொழிற்சாலையிலேயே இருந்து அளந்து பார்க்க வேண்டும். இயக்குநருக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. படிக்க ஆளில்லாத விஷயம், அளக்க இடம் தர முதலாளி இல்லை, எதற்கு இன்னொரு தடவை என்பது அவர் வாதம். குழு கூடி முடிவு செய்யட்டும் என்று தள்ளி வைத்தார்.

அந்த வாரம்தான் எண்ணிக்கை எகிறியது.

காலையில் திரையைத் திறந்த மீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். யாரும் சீண்டாமல் கிடந்த சுருக்கத்தை நூற்றுக்கணக்கான தடவை திறந்திருந்தார்கள். ஆனால் கூடவே மென்பொருள் ஒரு சிவப்புக் கொடியையும் காட்டியது. அத்தனை வாசிப்பும் ஒரே ஒரு இணைய முகவரியிலிருந்து வந்திருந்தது. தினமும் அதே நேரங்களில், கொத்துக் கொத்தாக. எண்ணிக்கையை ஏற்றுவதற்காக யாரோ ஒரு எந்திரத்தை ஏவியிருக்கிறார்கள், இவற்றை நீக்கலாமா என்று மென்பொருள் கேட்டது.

இயக்குநருக்கும் அதே தகவல் போயிருந்தது. மீட்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது நல்லாவா இருக்கு? கமிட்டி கூடுற நேரம் பாத்து நம்பர் ஏறுது. ஆள் வச்சு அமுக்குறாங்களா, என்ன? வெளிய தெரிஞ்சா நம்ம மானம் கப்பலேறிடும்."

"டாக்டரம்மா அப்படிச் செய்ற ஆள் இல்ல சார்."

"நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா நம்பர் வேற சொல்லுதே. நீங்களே கேட்டுடுங்க. நான் கேட்டா தப்பா போயிடும்."

மீட்டர் நுரையீரல் பிரிவுக்குப் போகும் படிகளில் என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே ஏறினாள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். மீட்டர் சுற்றி வளைத்து, தடுமாறி, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

டாக்டரம்மா குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு போட்டோ அனுப்பணும்னாலே எனக்கு என் பொண்ணு வேணும். நான் போய் மெஷினை ஏவி விட்டேனா?"

"நான் அப்படி நெனைக்கல டாக்டர்."

"நெனைக்காமத்தான் கேக்க வந்தியா?" கோபம் இல்லை அந்தக் குரலில், களைப்பு இருந்தது. "எடுத்துடும்மா. எல்லாத்தையும் எடுத்துடு. மூணுன்னே இருக்கட்டும். மூணுல எனக்கு ஒரு கொறையும் இல்ல."

மீட்டர் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நீக்கு என்ற பொத்தான்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தியிருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அழுத்த மனம் வரவில்லை. எந்திரம் படித்தால் எப்படிப் படிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வரும், தொடும், போய்விடும். பக்கத்தில் தங்காது. இங்கே வந்தவர்கள் தங்கியிருந்தார்கள். மெதுவாகக் கீழே இறங்கியிருந்தார்கள், மறுபடி மேலே போயிருந்தார்கள். டாக்டரம்மா கையால் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூட வரவில்லை.

'எந்த ரோபோ ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குது?' என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, அந்த முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தேடினாள். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் பெயர் வந்தது.

இயக்குநரிடம் போய் நின்றாள். "ஒரே ஒரு நாள் குடுங்க சார். நேர்ல பாத்துட்டு வந்துடுறேன். அப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன்."

"மீட்டர் ரீடிங் எடுக்க வீட்டுக்கே போறீங்களா?" என்றார் அவர். ஆனாலும் போகச் சொன்னார்.

பேருந்திலிருந்து இறங்கும் முன்னாலேயே ரொட்டி வாசனை வந்துவிட்டது. காவலாளி அவளுடைய அட்டையை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மேனேஜரிடம் அனுப்பினார். மேனேஜர் காதில் போனோடு இருந்தார். விஷயத்தைப் பாதி கேட்டுவிட்டு, ஓய்வறைப் பக்கம் கையைக் காட்டினார். நீளமான அறை. தகரக் கூரை. பெஞ்சுகள், ஒரு தண்ணீர் எந்திரம், சுவரோரம் இரும்பு அலமாரிகள். தொழிலாளர்கள் தலையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணிமையில்கூட மாவு. கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு க்யூஆர் கட்டக் குறியீடு. கீழே பெரிய எழுத்தில்: "மூச்சு முட்டுறவங்க இதைப் படிங்க. முட்டாதவங்களும் படிங்க."

மீட்டர் தன் போனை நீட்டி அந்தக் குறியீட்டைப் பிடித்தாள். திரையில் டாக்டரம்மாவின் சுருக்கத்துக்கான இணைப்பு வந்தது.

"யாரும்மா நீங்க?" பின்னாலிருந்து ஒரு குரல். பாக்கிங் பிரிவின் நீலச் சட்டை போட்ட பெண். நாற்பதைத் தொட்ட வயது. "அந்த பேப்பரை எடுக்கச் சொல்ல வந்திருந்தா, மேனேஜர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஒட்டினோம். அவர் ஒண்ணும் சொல்லல."

"எடுக்க வரலீங்க. இதை எழுதின டாக்டர் இருக்கிற இடத்துலதான் நான் வேலை பாக்கறேன்."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, அறை முழுதும் கேட்கிறமாதிரி, "ஏங்க, இங்க வாங்க! டாக்டர் வீட்டு ஆளு வந்திருக்காங்க!" என்று கூப்பிட்டாள்.

'வீட்டு ஆள் இல்லை' என்று சொல்ல மீட்டருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெஞ்சில் இடம் ஒதுக்கினார்கள், தண்ணீர் வந்தது, சூடான பன் ஒன்று கையில் ஏறியது. கூப்பிட்ட குரலுக்கு வந்தவர் உயரமான, தோள் அகன்ற மனிதர். பல வருடம் மாவு பிசையும் எந்திரத்தோடு நின்றவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் மாவண்ணன். அதனாலேயே அவர் மனைவி, அந்த நீலச் சட்டைப் பெண், மொத்தத் தொழிற்சாலைக்கும் அண்ணி.

"இவருக்கு ரெண்டு வருஷமா இளைப்பு" என்று அண்ணிதான் சொல்லத் தொடங்கினாள். "மூட்டையைப் பிரிச்சுக் கொட்டினாப் போதும், நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கும். லீவு நாள்ல ஒண்ணும் இருக்காது, ஜம்முனு இருப்பாரு. வேலைக்கு வந்தா மறுபடி ஆரம்பிச்சுடும். இங்க இருக்கவங்க என்ன சொல்லுவாங்க? வேலைன்னாத்தான் அண்ணனுக்கு மூச்சு முட்டுதுன்னு கேலி பண்ணுவாங்க."

பெஞ்சில் இருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் மேடம் அதிகமா ஓட்டினேன்" என்றார்.

"எனக்கே அப்படித்தான் தோணிச்சு" என்றார் மாவண்ணன். "உடம்புல ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்தான் போலன்னு. வெளிய சொல்லவும் பயம். மூச்சு சரியில்லன்னு தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திட்டா என்ன பண்றது?"

"ஒரு நாள் இவரு படியில உக்காந்துட்டாரு. ஏற முடியல. நான் போனை எடுத்து, மாவு, மூச்சு, இளைப்புன்னு எனக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் போட்டுத் தேடினேன். என்னென்னவோ வந்துச்சு. லேகியம் விக்கிறவன்கூட வந்தான். கடைசியில இது வந்துச்சு." அண்ணி சுவரைக் காட்டினாள். "லீவு நாள்ல நல்லா இருந்து, வேலை நாள்ல மோசமானா, அது வேலையால வர்ற ஆஸ்துமாவா இருக்கலாம், டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்கன்னு போட்டிருந்தாங்க. எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுப் போய் எழுதின மாதிரி இருந்துச்சு மேடம்."

பக்கத்துக் கிளினிக் டாக்டரிடம் போனைக் காட்டினார்களாம். அவர் முழுதாகப் படித்துவிட்டு, மாவண்ணனை ஒரு குழாய்க் கருவியில் ஊதச் சொல்லி, வேலை நாளிலும் விடுமுறையிலும் மாற்றி மாற்றி ஊதிக் குறித்துவரச் சொன்னாராம். வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மருந்து கொடுத்தார். தூசியிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி மேனேஜருக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். இப்போது மாவண்ணன் ரொட்டி ஏற்றும் வண்டிப் பக்கம்.

"நான் தப்பிச்சுட்டேன். ஆனா மூட்டைப் பக்கம் இன்னும் ஆளுங்க நிக்கிறாங்களே" என்றார் அவர். "அதான் இவ இதை இங்க ஒட்டினா. ஷிப்டு ஷிப்டா எல்லாரும் படிச்சாங்க. படிக்க வராதவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவங்க படிச்சுச் சொன்னாங்க. இந்தத் தகரத்துக்குக் கீழ போன் சிக்னல் வராது. கம்பெனி வைஃபைதான்."

மீட்டருக்குச் சிரிப்பு வந்தது. ஒரே முகவரி. தினமும் அதே நேரங்கள். இடைவேளை மணி அடித்ததும் கொத்துக் கொத்தாக. அவளுடைய மென்பொருள் ரோபோ என்று சொன்னது இந்த அறையைத்தான்.

"நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சுட்டு இருந்தோம்" என்றாள் அண்ணி. "ஆனா மேல பாத்தா இங்கிலீஷ்ல ஏழெட்டுப் பேரு இருக்கு. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. தப்பான ஆளுக்குச் சொல்லிட்டா அசிங்கமா போயிடுமேன்னு விட்டுட்டோம்."

"முதல் பேரு" என்றாள் மீட்டர். "அவங்கதான். படம்கூட அவங்க கையால போட்டதுதான்."

கிளம்பும்போது மேனேஜரே வந்து பிடித்துக்கொண்டார். போன் இப்போது சட்டைப் பையில் இருந்தது. துடைப்பத்தை நிறுத்திவிட்டுத் தூசி உறிஞ்சும் எந்திரம் வாங்கியிருக்கிறார்களாம், மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாமல் தாழ்த்திக் கொட்டச் சொல்லியிருக்கிறார்களாம். "இதெல்லாம் உண்மையிலேயே பிரயோஜனப்படுதான்னு யாராவது வந்து அளந்து சொன்னா நல்லாயிருக்கும். ஆளுங்க அடிக்கடி லீவு போட்டா எனக்கும் கஷ்டம்தானே. உங்க டாக்டருக்கு நேரம் இருக்குமா?"

நாலு வருடமாக ஒவ்வொரு வாசலாகத் தட்டிய டாக்டரம்மாவுக்கு ஒரு கதவு உள்ளே இருந்து திறக்கிறது. "இருக்கும் சார்" என்றாள். "கண்டிப்பா இருக்கும்."

மறுநாள் முதல் வேலையாக நுரையீரல் பிரிவுக்குப் போனாள். இந்தத் தடவை படிகளில் யோசிக்கவில்லை. சொல்லச் சொல்ல டாக்டரம்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மாவண்ணன் படியில் உட்கார்ந்த இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றினார். மேனேஜர் கேட்டதைச் சொன்னபோது மீட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

"முந்தாநாள் உன்கிட்ட வெடுக்குனு பேசிட்டேன்."

"இருக்கட்டும் டாக்டர். நானும்தான் வெடுக்குனு கேட்டேன்."

"நீ அன்னிக்கு உயிரை எடுக்கலேன்னா நான் அந்த ரெண்டு பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன், தெரியுமா?"

இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் விதி விதிதான். ஒரே முகவரியிலிருந்து எத்தனை பேர் படித்தாலும் கணக்கில் ஒரு வாசகர் என்றே வைக்க வேண்டும். ஆக, ஒரு தொழிற்சாலையே படித்ததற்கு டாக்டரம்மாவுக்குக் கூடியது ஒன்று. மீட்டர் அதை மூன்றோடு சேர்த்து நான்கு என்று போட்டாள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, அந்த ஒன்று யார் யார் என்பதை ஒரு பத்தி எழுதிச் சேர்த்தாள். குழு கூடியபோது இயக்குநர் அந்தப் பத்தியைத்தான் படித்துக் காட்டினாராம். காப்பி டாக்டர்தான் முதலில் கை தூக்கினார் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவரைப் பற்றி மனத்துக்குள் செய்த கேலிக்கெல்லாம் சேர்த்து அவள் அன்றைக்கு அவருக்கு ஒரு நல்ல வணக்கம் போட்டாள்.

அனுமதி கிடைத்த வாரமே டாக்டரம்மா தொழிற்சாலைக்குப் போனார். மீட்டரையும் இழுத்துக்கொண்டு போனார். ஓய்வறையில் பெஞ்சுகளை நகர்த்திப் போட்டு, எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாவண்ணன் பேச ஏதோ தயார் செய்துவைத்திருந்தார். எதிரே ஆளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மா அவர் முதுகில் காதை வைக்காத குறையாக நெருங்கி, "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்றார். விட்டார். அறை முழுக்க அந்த மூச்சைக் கவனித்தது.

"தெளிவா இருக்கு" என்றார் டாக்டரம்மா. அண்ணி முந்தானை இல்லாத சட்டையில் கண்ணைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் தலையுறையால் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல மேடம்."

"நீங்க எனக்குச் சொல்றீங்களா? எழுதினது நான். அது பாட்டுக்குக் கெடந்துச்சு. நீங்க படிச்சீங்க, அடுத்தவங்களுக்கும் படிச்சுக் காட்டினீங்க. நான்தான் சொல்லணும்." டாக்டரம்மா பையிலிருந்து அந்தச் சுருக்கத்தின் நகலையும் ஒரு பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு உதவி பண்ணுங்க. இதுல புரியாத எடம் எது எதுன்னு சொல்லுங்க. மாத்திடலாம்."

முதலில் எல்லோருக்கும் டாக்டர் எழுதியதில் குறை சொல்வதா என்ற தயக்கம். பிறகு அண்ணி விரலால் ஒரு வரியைத் தொட்டாள். "இங்க 'ஒவ்வாமை'ன்னு போட்டிருக்கீங்க. நாங்க அதை வாந்தின்னு நெனைச்சுட்டோம். அலர்ஜின்னு போட்டா எங்களுக்குப் புரியும்."

"சரி, அலர்ஜி" என்று டாக்டரம்மா அடித்துத் திருத்தினார்.

"படத்துல மூட்டையைப் பிரிக்கிறவன் உக்காந்துட்டு இருக்கான்" என்றார், முன்பு தலையைக் குனிந்துகொண்ட அந்தக் கேலிக்காரர். "நாங்க எப்ப உக்காந்தோம்?"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். "எனக்கு நிக்கிற கால் வரைய வராதுப்பா. நீயே போட்டுக் குடு" என்று பேனாவை அவரிடம் நீட்டினார். அவர் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு இரண்டு கால்கள் வரையத் தொடங்கினார். ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு எல்லோரும் மேசையைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள். நெரிசலில் பின்னுக்குத் தள்ளப்பட்ட மீட்டர், அங்கே எத்தனை தலைகள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றாமல், ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.